பட்டது என்று சொன்னவள்

லிவோர்னோ, 11 பிப்ரவரி 1983

ஃபோஸ்கா,

நலம் விசாரிக்காமல் ஆரம்பிக்கிறேன். நீ நலமாக இருப்பது எனக்குத் தெரியும். போன வாரம்கூடப் பத்திரிகையில் உன் படம் வந்தது, யாரோ பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோப்பை கொடுத்துக்கொண்டிருந்தாய். அந்த நீலக் கோட்டு உனக்கு எடுப்பாக இருக்கிறது என்று கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

நேற்று நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். அடுப்பிலிருந்து கடலைமாவு அடையை இறக்கும் நேரம். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். வாள்வீச்சுக் கூடத்துக்கு உன் பெயரை வைக்கப்போகிறார்களாம். ஏப்ரலில் விழா. வாசலில் ஒரு சலவைக்கல் பதிப்பார்களாம், அதன் மேல் மூடியிருக்கும் துணியை நான் இழுக்க வேண்டுமாம். "சாம்பியனோட அக்கா நீங்க. உங்களை விட்டா வேற யார் இழுக்கிறது?" என்றார்.

சரி, இழுத்துத் தொலைக்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஐம்பத்தாறு வயதில் இதில் என்ன மானம் போகப்போகிறது? அப்புறம் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். கல்லில் வெட்டப்போகும் வாசகம். உன் பெயர், உலகப் பட்டம், அதற்குக் கீழே: 'தன்மேல் பட்டதை நடுவர்கள் காணாதபோதும், பட்டது என்று தானே சொன்னவர்.'

அடை வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தடவை படித்தேன். அவர் நான் நெகிழ்ந்துபோனேன் என்று நினைத்து என் தோளைத் தட்டினார்.

இந்தக் கதை ஊரில் சுற்றுவது எனக்குத் தெரியாமல் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒரு டீச்சர் தன் வகுப்பையே கடைக்குக் கூட்டிவந்து, அப்பா மாட்டிவைத்த உன் படத்துக்குக் கீழே வரிசையாக நிறுத்தினாள். "உலகப் போட்டி கடைசி ஆட்டம், பிள்ளைங்களா. மூணுக்கு ரெண்டு, ஃபோஸ்கா முன்னாடி நிக்கிறாங்க. ஹங்கேரிக்காரி வாள் அவங்க மேல படுது. நடுவர் யாரும் பாக்கல. ஃபோஸ்கா என்ன பண்ணாங்க?" பிள்ளைகள் ஒரே குரலில், "பட்டதுன்னு சொன்னாங்க!" "அப்புறம்?" "அப்புறமும் ஜெயிச்சாங்க!" நான் அவர்களுக்கு அடை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால், அக்காக்காரிக்கு வயிற்றெரிச்சல் என்று ஊர் சொல்லும்.

மறந்துவிட்டாய் என்றால் நினைவுபடுத்துகிறேன். 'பட்டது' என்று சொன்னது நான். உலகப் போட்டியில் இல்லை, அதற்கு முன் பிளாரன்ஸில் நடந்த தேர்வு ஆட்டத்தில். எதிரே நின்றது ஹங்கேரிக்காரி இல்லை, நீ. மூன்றுக்கு மூன்று. அடுத்த தொடுகை எடுப்பவள் இத்தாலிக்காக ஆடப் போவாள். நீ பாய்ந்தாய், நடுவர் நால்வரும் கை தூக்காமல் நின்றார்கள், நான் கை தூக்கினேன். நீ போனாய், ஜெயித்தாய். நான் கடைக்குத் திரும்பினேன்.

பட்டம் உன்னுடையது, அதை நான் என்றைக்கும் கேட்டதில்லை. அந்த வரியை எடுக்கச் சொல்.

ஈரிதே

டோரினோ, 20 பிப்ரவரி 1983

அன்புள்ள ஈரிதே அக்கா,

உன் கடிதம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. கல்லில் என்ன எழுதப்போகிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை. இந்த மாதிரி விழாக்களில் யாரும் நம்மைக் கேட்டு எழுதுவதில்லை. வா என்பார்கள், போவேன், சிரிப்பேன், திரும்பி வருவேன்.

அந்தக் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதை நீ நம்ப வேண்டும். சொன்னது அப்பா. நான் பட்டம் வாங்கி வந்த வாரம் கடையில் எப்படிக் கூட்டம் என்று உனக்கே தெரியும். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தபோது அப்பா நன்றாகக் குடித்திருந்தார். "எம் பொண்ணு கையைத் தூக்கிட்டாய்யா! நாலு பேரும் பாக்கல, அவளா சொன்னா, பட்டுதுன்னு! அப்படி வளத்தேன்!" என்று கத்தினார். எந்தப் பெண் என்று அந்த ஆள் கேட்கவில்லை. கடையில் அப்போது உன்னைப் பற்றி எழுத யாரும் வரவில்லையே. மறுநாள் அச்சில் வந்துவிட்டது. அப்போதே மறுத்திருக்கலாம்தான். எனக்கு இருபத்திரண்டு வயது. பயிற்சியாளர் இருந்தார், சம்மேளனம் இருந்தது, புகைப்படக்காரர்கள் இருந்தார்கள். விட்டுவிட்டேன். அப்புறம் அது தானாக வளர்ந்தது.

இப்போது கல் வெட்டுகிறவனிடம் போய் நான் என்ன சொல்வது? முப்பது வருஷமாகப் பொய் சொன்னீர்களா என்று கேட்பான்.

கோபித்துக்கொள்ளாமல் யோசித்துப் பார், அக்கா. உனக்கு அல்வாரோ இருக்கிறார். இரண்டு பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். காலையில் கடையைத் திறந்தால் பேச ஆள் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓடவிட்டு, வீட்டுக்கு வந்து, ஒரு தட்டு கழுவி வைக்கிறேன். எனக்கு ஒரு கல் இருந்துவிட்டுப் போகட்டுமே.

துணியை நீதான் இழுக்க வேண்டும். வேறு யார் இழுத்தாலும் எனக்குப் பிடிக்காது.

உன் ஃபோஸ்கா

லிவோர்னோ, 26 பிப்ரவரி 1983

ஃபோஸ்கா,

'இருந்துவிட்டுப் போகட்டுமே' என்று எழுத உனக்குக் கை வந்திருக்கிறது.

அல்வாரோ இருக்கிறார் என்கிறாய். அவர் என்னைப் பெண் கேட்டு வந்த அன்று உட்கார்ந்ததும் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "ஃபோஸ்கா ஊர்லதான் இருக்காங்களா?" துறைமுகத்தில் கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்ல வேண்டுமாம். இருபத்தேழு வருஷம் ஆகிறது. அந்தக் கேள்வியை நான் அவருக்கு இன்னும் மன்னிக்கவில்லை. அவருக்கு நினைவுகூட இல்லை.

பேச ஆள் இருக்கிறது என்கிறாய். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டாயா? "சாம்பியன் எப்ப வர்றாங்க?" "சாம்பியனுக்கு அடை புடிக்குமா?" பல் மருத்துவர் என் வாயை ஆவென்று திறக்கச் சொல்லி, உள்ளே கருவியை வைத்துக்கொண்டு உன்னைப் பற்றி விசாரிக்கிறார். பதில் சொல்லவும் முடியவில்லை, கடிக்கவும் முடியவில்லை. அப்பாவின் சவ ஊர்வலத்தில், நான் பெட்டிக்குப் பின்னால் நடக்கிறேன், ஒருத்தி என் கையைப் பிடித்து, "சாம்பியன் எப்படித் தாங்கிக்கிறாங்க?" என்றாள். ஆறு மாதம் அவர் மலத்துணி துவைத்தவள் நான்.

பொறாமைதான். ஆமாம். உன் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைக்கிறேன், என்றாவது உடையட்டும் என்று. ஆனால் ஒன்று மட்டும் என்னிடம் இருந்தது. நான் ஒரு பட்டத்தை வாயால் விட்டுக்கொடுத்தவள். யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். மாவு கரைக்கும்போது, கூட்டம் குறைந்த மத்தியானத்தில், அதை நினைத்துக்கொள்வேன். அது போதும் என்றிருந்தது. இப்போது அதைக் கல்லில் வெட்டி உன் பெயருக்குக் கீழே வைக்கப்போகிறார்கள், துணியை நான் இழுக்க வேண்டும்.

வரமாட்டேன். அடுத்த மாதம் முடிவதற்குள் நீ அவர்களிடம் சொல்லாவிட்டால், நானே பத்திரிகை அலுவலகத்துக்குப் போவேன். வயிற்றெரிச்சல் என்று சொல்லிக்கொள்ளட்டும்.

ஈரிதே

டோரினோ, 9 மார்ச் 1983

அக்கா,

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். இப்போது கிழிக்காமல் அனுப்பிவிடுகிறேன்.

பிளாரன்ஸில் என் வாள் உன்மேல் படவில்லை.

மூன்றுக்கு மூன்று. நான் பாய்ந்தேன். நீ தடுத்தாய், கொஞ்சம் தாமதமாக. என் முனை உன் இடுப்போரமாக, கைக்கும் உடம்புக்கும் நடுவே, வெறும் காற்றில் போனது. பட்டால் வாள் வளையும், கைப்பிடியில் ஒரு அழுத்தம் தெரியும். உனக்குச் சொல்லவா வேண்டும்? அன்று வளையவில்லை. நடுவர்கள் நால்வரும் கை தூக்காமல் நின்றதற்குக் காரணம், அவர்கள் சரியாகப் பார்த்தார்கள். அப்போதுதான் நீ இடது கையைத் தூக்கி, "பட்டுது" என்றாய்.

உன் சட்டை மடிப்பு உரசியிருக்கலாம். உனக்கு எப்படித் தோன்றியதோ. ஆனால் எனக்குத் தெரியும். "இல்லக்கா, படல" என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான். நான் கம்பி வலை முகமூடியைக் கழற்றினேன், உன் கையைக் குலுக்கினேன், அப்பா ஓடிவந்து என்னைத் தூக்கினார்.

பத்திரிகையில் வந்தபோது நான் ஏன் மறுக்கவில்லை என்று இப்போது புரிகிறதா? அதைத் திருத்தினால் இதையும் சொல்ல வேண்டிவரும். சொன்னது அக்கா என்று சொன்னால், அடுத்த கேள்வி, உண்மையிலேயே பட்டதா என்பது. யாரும் கேட்காவிட்டாலும் நானே கேட்டுக்கொள்வேன்.

உன் பொறாமையைப் பற்றி எழுதியிருந்தாய். என்னுடையதைக் கேள். பன்னிரண்டு வருஷம் ஆடினேன். முழங்கால் இரண்டும் போய்விட்டன. ரயிலில் என்னை அடையாளம் கண்டுகொள்கிறவர்களில் எப்படி ஆடினீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. "அந்த நேரத்துல அப்படிச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்துது?" என்றுதான் கேட்கிறார்கள். நான் உன் முகத்தை நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அந்தக் கம்பி வலைக்குப் பின்னால் உன் கண்கள் எப்படி இருந்தன, அதை வைத்துச் சொல்கிறேன். கேட்கிறவர்கள் கண் கலங்குகிறார்கள். நான் ஊர் ஊராகப் போய் நீயாக நடிக்கிறேன், அக்கா.

உலகப் போட்டிக் கடைசி ஆட்டத்தை நான் எத்தனைக்கு எத்தனை என்று ஜெயித்தேன் தெரியுமா? நான்குக்கு ஒன்று. அந்த ஹங்கேரிக்காரி என் பக்கத்திலேயே வரமுடியவில்லை. ஆனால் கதையில் நான் பட்டது என்று சொன்னதும் மூன்றுக்கு மூன்று ஆக வேண்டும் என்பதால், ஊரே அவளுக்கு இரண்டு தொடுகையைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. நான் எவ்வளவு சுலபமாக ஜெயித்தேன் என்பதைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை.

நீ செய்த ஒன்றை நான் என் வாழ்நாளில் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. என்மேல் பட்டது எத்தனையோ தடவை நடுவர் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஃபோஸ்கா

லிவோர்னோ, 14 மார்ச் 1983

முதலில் போட்டியை எடுத்துக்கொண்டாய். அப்புறம் அப்பாவை. அப்புறம் ஊரை. அப்புறம் நான் சொன்ன ஒரு வார்த்தையை. இப்போது அந்த வார்த்தையே பிசகு என்கிறாய். படாததைப் பட்டது என்று சொன்ன முட்டாள் நான், அதைப் பார்த்துக்கொண்டு நின்ற கெட்டிக்காரி நீ. மாவு கரைக்கும்போது நினைத்துக்கொள்ள எனக்கு இனி என்ன மிச்சம்?

எனக்கு எழுதி அழுதால் உன் பாரம் குறையும். நான் அதற்கு ஆள் இல்லை. தைரியம் இருந்தால் அந்தக் கூடத்தில், அத்தனை பேர் முன்னால் சொல்.

ஈரிதே

டோரினோ, 2 ஏப்ரல் 1983

அக்கா,

சொல்லப்போகிறேன். பதினேழாம் தேதி, ஞாயிறு, காலை பதினொரு மணி. நீ வராமல் இருந்தால் நல்லது. உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் எழாது.

ஃ.

லிவோர்னோ, 21 ஏப்ரல் 1983

ஃபோஸ்கா,

வந்திருந்தேன். வராதே என்றதால்தான் வந்தேன். கடையை அல்வாரோவிடம் விட்டுவிட்டு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, கூடத்தின் பின்வாசல் பக்கம் செருப்பு அடுக்கும் பலகைக்கு அருகே நின்றேன். மூக்குக் கண்ணாடி இல்லாமல் உனக்கு அவ்வளவு தூரம் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

மேயர் பேசினார். அந்த டீச்சர் பேசினாள். துணியை யாரோ ஒரு சட்டமன்ற ஆள் இழுத்தார், பாதியில் மாட்டிக்கொண்டது, இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். பிறகு உன்னைப் பேசச் சொன்னார்கள்.

நீ குறிப்புத்தாள் எதுவும் எடுக்கவில்லை. "அந்தக் கல்லுல எழுதியிருக்கிறது நான் செஞ்சதில்ல" என்றாய். "செஞ்சது எங்கக்கா ஈரிதே. அடைக் கடையில நீங்க தினம் பாக்குறீங்களே, அவங்கதான். என்னோட ஆடும்போது சொன்னாங்க. இன்னொண்ணும் சொல்லணும். அன்னிக்கு என் வாள் அவங்க மேல படவே இல்ல. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிட்டிருந்தேன். அப்படித்தான் நான் உலகப் போட்டிக்குப் போனேன்."

நான் செருப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் நான் கேட்க ஏங்கிய வார்த்தைகள் இவைதான் என்று நினைத்தேன்.

அப்போது எனக்கு முன்னால் நின்ற மீன்காரர் தன் பெண்டாட்டியிடம் திரும்பினார். "பாத்தியா? தன் பேரையே தூக்கி அக்காவுக்குக் குடுக்குறா. இந்தக் காலத்துல எவ செய்வா?" அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அதுக்காகத் தன்னைக் கெட்டவளாவும் ஆக்கிக்கிறா பாருங்க. அக்கா வெறும் அடைக் கடையோட நின்னுட்டாளேன்னு அவளுக்கு மனசு கேக்கல" என்றாள்.

கைதட்டல் அங்கிருந்துதான் கிளம்பியது. நீ கையை விரித்து, "இல்ல, நெஜமாத்தான் சொல்றேன்!" என்றாய். இன்னும் பலமாகத் தட்டினார்கள். "நம்புங்க!" என்றாய். எழுந்து நின்று தட்டினார்கள். டீச்சர் அழுதாள். மேயர் உன்னைக் கட்டிப்பிடித்தார். அவர் தோளுக்கு மேல் உன் முகத்தைப் பார்த்தேன். தண்ணீரில் மூழ்குகிறவள் மாதிரி இருந்தாய். ஒரு நிமிஷம் இருக்கும், அவ்வளவு நேரம் எனக்கு உன்மேல் பொறாமையே இல்லை. அப்புறம் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னதற்கும் உனக்கே கைதட்டல் என்று முணுமுணுத்துக்கொண்டுதான் வீடு வந்தேன்.

நீ பிற்பகல் ரயிலுக்கே ஓடிவிட்டாய். இங்கே நான் மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து கடையில் நிற்க இடமில்லை. "இப்படி ஒரு தங்கச்சி கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்கிறார்கள். நேற்று நகராட்சிக்காரர் மறுபடி வந்தார். கல்லில் இடம் இருக்கிறதாம். இன்னொரு வரி சேர்க்கலாமா என்று கேட்டார்: 'அப்பெருமையையும் தன் தமக்கைக்கே அளித்தவர்.' நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அல்வாரோ உள்ளேயிருந்து ஓடிவந்து, எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று நாற்காலியில் உட்காரவைத்தார்.

சரி. நீ அத்தனை பேர் முன்னால் சொன்னாய். நான் ஒருத்தி முன்னாலாவது சொல்ல வேண்டும்.

பட்டதா இல்லையா என்று எனக்கு அன்றும் தெரியாது. சட்டை மடிப்பெல்லாம் உரசவில்லை. நீ பாய்ந்த நொடியில் அப்பா கத்தினார். "ஃபோஸ்கா!" அந்தப் பிற்பகல் முழுவதும் அவர் உன் பெயரைத்தான் கத்திக்கொண்டிருந்தார். என் பெயரை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கத்தியிருந்தால்கூட நான் கை தூக்கியிருக்க மாட்டேன். இந்தாருங்கள், இரண்டு பேரும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஆத்திரத்தில் தூக்கினேன். நீ பட்டம் வாங்கி வந்த வாரம் அவர் கடையில் குடித்துவிட்டு, 'எம் பொண்ணு' என்று கத்தினாரே, நான் உள்ளே மாவு கரைத்துக்கொண்டிருந்தேன், மிச்சம் காதில் விழவில்லை. ஒருவேளை என்னைத்தான் சொல்கிறாரோ என்று கரண்டியை வைத்துவிட்டு நின்றேன். என்னைத்தான் சொல்லியிருக்கிறார். அது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

அதை நேர்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது பிறகுதான், வீட்டுக்கு வரும் ரயிலில். எம்பொலி ஸ்டேஷன் தாண்டுவதற்குள் நம்பியும்விட்டேன். ஆக அந்தக் கல்லில் இருப்பதை நீயும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. டீச்சரின் வகுப்பு மட்டும் இனி வருஷா வருஷம் வரும்.

வந்தும்விட்டது. இன்று காலை. புதுக் கதையோடு. எல்லாம் சொல்லி முடித்து டீச்சர் என்னிடம் திரும்பி, "நீங்க சொல்லுங்க, உங்க தங்கச்சி அவ்வளவு நல்லவங்களா?" என்றாள். எல்லாக் கண்ணும் என்மேல்.

"நல்லவளான்னு எனக்குத் தெரியாது" என்றேன். "ஆனா வேகமானவ. அவ பாஞ்சா எனக்கு வாளே கண்ணுக்குத் தெரியாது."

டீச்சருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. முப்பது வருஷத்தில் உன் ஆட்டத்தைப் பற்றி நான் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. பிளாரன்ஸில் நான் கை தூக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடுப்படியில் நின்று யோசித்துப் பார்த்தேன். அடுத்த பாய்ச்சலில் என்னைத் தொட்டிருப்பாய். அதில் இல்லாவிட்டால் அதற்கு அடுத்ததில். நீ என்னைவிட நன்றாக ஆடினாய், ஃபோஸ்கா. எழுதும்போதே எனக்கு எரிகிறது. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கப்போவதில்லை.

ஈரிதே